ஒரே சாவி, ஒரே நோட்டு, ஒரே ஒறம்பரை: கூகுள் எதை ஒன்றாக்கியது?

கோபிச்செட்டிபாளையத்தில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். போன மாதம் மஞ்சள் வெள்ளாமைக்காரர் ஒருவர் வந்து போனை மேசைமேல் வைத்தார். அறுபது வயதைத் தாண்டியவர்.

"ஏனுங்க தம்பி, இந்த யூடியூப்ப அழிச்சுட்டா என்ற ஜிமெயிலும் போயிருமுங்களா? பையன் அப்படித்தான் சொல்றான். எல்லாம் ஒண்ணுங்கறான்."

பையன் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. "கூகுள் எல்லாம் ஒண்ணு", "பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஒண்ணு" என்ற பேச்சு டீக்கடையிலும் நடக்கிறது, படித்தவர்கள் வீட்டிலும் நடக்கிறது. அந்த "ஒண்ணு" என்ற சொல்லுக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் சிலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், சிலர் பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறார்கள்.

மூன்றையும் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை நன்றாக உதவும். 2011இல் கூகுள் தன் சேவைகளை எல்லாம் ஒரு சமூக வலைத்தளத்தை வைத்துக் கோர்க்கப் பார்த்தது. அதன் பெயர் கூகுள் பிளஸ். "பேஸ்புக்கைப் பார்த்துக் காப்பியடித்துத் தோற்றது" என்று ஒரு வரியில் அதை முடித்துவிடுகிறார்கள். நடந்தது அதைவிடப் பெரியது.

## மூன்று கடை, ஒரு முதலாளி

ஒரு ஊரில் ஒரே முதலாளிக்கு மளிகைக் கடை, ஜவுளிக் கடை, உரக்கடை மூன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் ஒவ்வொரு காலத்தில் வாங்கினார். ஒவ்வொன்றிலும் தனிக் கணக்குப்பிள்ளை, தனிப் பற்று நோட்டு. ஒரே விவசாயி மூன்றிலும் வாடிக்கை. மளிகைக் கடை நோட்டில் அவர் பெயர் "வாய்க்கால் மேட்டுக்காரர்". உரக்கடையில் பட்டாவில் உள்ளபடி இனிஷியலோடு பெயர். ஜவுளிக் கடையில் சம்சாரம் பெயரில்தான் பற்று. மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று முதலாளிக்குத் தெரியாது.

இந்த மூன்று கடையை மூன்று விதமாக ஒன்றாக்கலாம்.

முதல் விதம், மூன்று கடைக்கும் சேர்த்து ஒரே அட்டை கொடுப்பது. ஒரு இடத்தில் பேர் சொல்லிவிட்டால் மற்ற இரண்டிலும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இதைச் சாவி என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது விதம், மூன்று பற்று நோட்டையும் ஒரே பேரேட்டில் ஏற்றுவது. உரக்கடையில் யூரியா வாங்கியவர் இரண்டு மாதத்தில் அறுவடை செய்வார், கையில் காசு வரும், அப்போது ஜவுளிக் கடைக்கு அழைக்கலாம் என்று முதலாளி கணக்குப் போடலாம். இது நோட்டு.

மூன்றாவது விதம்தான் விசித்திரமானது. "உங்கள் வீட்டு மொய் நோட்டைக் கொஞ்சம் கொடுங்கள், உங்களுக்கு யார் யார் சொந்தம் என்று பார்த்துக்கொள்கிறேன்" என்று முதலாளி கேட்பது. இது ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம்.

சாவி, நோட்டு, ஒறம்பரை. இந்த மூன்று சொல்லும் கடைசி வரை கூட வரும்.

## சாவி எப்படித் திறக்கிறது

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் போனவர்களுக்கு கேட் பாஸ் தெரியும். வாசலில் வாட்ச்மேன் பெயர், வண்டி நம்பர், யாரைப் பார்க்க வந்தோம் என்று எழுதிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுப்பார். அதற்குப் பிறகு கட்டிங், தையல், பேக்கிங் என்று எந்தப் பகுதிக்குப் போனாலும் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும். யாரும் திரும்ப விசாரிப்பதில்லை.

கூகுளிலும் அதேதான். ஜிமெயில், யூடியூப், மேப்ஸ் என்று பல பகுதிகள் இருந்தாலும் வாசல் ஒன்றே. நீங்கள் பாஸ்வேர்டு போட்டதும் அந்த வாசல் உங்கள் பிரவுசரில் ஒரு சின்னக் குறிப்பை வைத்துவிடுகிறது. இதன் பெயர் குக்கீ. நம் கதையில் அதுதான் கேட் பாஸ். பிறகு யூடியூப் திறந்தால், யூடியூப் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்காமல் பிரவுசரை ஒரு கணம் அந்த வாசலுக்கு அனுப்பிவைக்கிறது. வாசல் குக்கீயைப் பார்த்து "இன்னார்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறது. கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எல்லோரும் "ஜிமெயில் ஐடி" என்கிறார்கள். உண்மையில் உங்களுக்கு இருப்பது கூகுள் அக்கவுண்ட். அதற்குப் பின்னால் கூகுள் கொடுத்த ஓர் எண் இருக்கிறது. ஜிமெயில் முகவரி அந்த எண்ணுக்கு நாம் வைத்த கூப்பிடும் பேர். ஜிமெயில் இல்லாமல் வேறு மெயில் முகவரியை வைத்தும் கூகுள் அக்கவுண்ட் தொடங்கலாம்.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். போனிலிருந்து யூடியூப் ஆப்பை நீக்கினால் எதுவும் அழிவதில்லை, ஜன்னல் ஒன்று மூடுகிறது, அவ்வளவுதான். யூடியூப் சேனலை அழித்தாலும் ஜிமெயில் இருக்கும். ஜிமெயிலை மட்டும் நீக்கிவிட்டு அக்கவுண்டை வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அக்கவுண்டையே அழித்தால்தான் மெயில், போட்டோ, டிரைவ் எல்லாம் சேர்ந்து போகும்.

இந்தச் சாவி கூகுள் பிளஸுக்கு முன்பே இருந்தது. வலைப்பூ எழுத உதவும் பிளாகரை 2003இல் வாங்கினார்கள், யூடியூபை 2006இல் 165 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கினார்கள். நம் முதலாளி கடை வாங்கிய கதைபோல ஒவ்வொன்றும் தனித்தனி வாடிக்கையாளர்களோடு வந்தது. மெதுவாக எல்லாவற்றையும் ஒரே வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

## நோட்டுகள் சேர்ந்த நாள்

2012 மார்ச் 1. அந்தத் தேதியை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான நாள்.

ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி எதை எழுதி வைத்துக்கொள்கிறது, அதை எதற்குப் பயன்படுத்துகிறது என்று சொல்லும் பத்திரத்துக்குத் தனியுரிமைக் கொள்கை என்று பெயர். அதுவரை கூகுளில் ஒவ்வொரு சேவைக்கும் ஒன்று என்று 60க்கு மேற்பட்ட பத்திரங்கள் இருந்தன. அன்றைக்கு அவற்றையெல்லாம் ஒரே பத்திரமாக்கினார்கள். யூடியூபில் நீங்கள் பார்த்ததைத் தேடலுக்கும், தேடியதை விளம்பரத்துக்கும் பயன்படுத்த அதில் வழி திறந்தது. பற்று நோட்டுகள் பேரேட்டில் ஏறின.

ஐரோப்பாவில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. பிரான்சின் தனியுரிமை ஆணையம் 2014 ஜனவரியில் 1,50,000 யூரோ அபராதம் போட்டது. கூகுளின் அளவுக்கு அது சில்லறைக் காசு. பேரேடு அப்படியே இருந்தது.

சாவி சேர்ந்தது நமக்கு வசதிக்காக, நோட்டு சேர்ந்தது கம்பெனிக்கு நம்மை முழுசாகத் தெரிவதற்காக. முதலாவது இருந்தால் இரண்டாவது சுலபம். ஆனால் முதலாவதைக் கொடுத்தால் இரண்டாவதையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

## மொய் நோட்டு சொல்லும் கதை

எங்கள் வீட்டில் என் தங்கச்சி கல்யாணத்து மொய் நோட்டு இன்னும் பரண்மேல் இருக்கிறது. மஞ்சள் தடவிய அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. ஒவ்வொரு வரியிலும் முதலில் ஊர், பிறகு பேர், கடைசியில் தொகை. கல்யாணம் முடிந்த அன்றைக்கு ராத்திரி அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு படிக்க, பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் ஆள்விட்டு எழுதினார்கள், போன கல்யாணத்தில் நாம் எழுதியதற்கு இது சரியா என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு பேச்சு நடந்தது.

அந்த நோட்டை எங்களைத் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் எங்கள் மாமன் வீடு எது, பங்காளிகள் எந்த ஊர், யாரோடு கொடுக்கல் வாங்கல், யாரோடு வெறும் முகத்தாட்சணியம் என்று சொல்லிவிடுவார். பணம் எவ்வளவு வந்தது என்பதைவிடப் பெரிய செய்தி அதில் இருக்கிறது: மனிதர்களுக்கு நடுவே ஓடும் கோடுகள். கணினித் துறையில் இந்தக் கோடுகளின் படத்துக்கு சோஷியல் கிராஃப் என்று பெயர். தமிழில் உறவு வரைபடம் எனலாம். நம்மூர்ச் சொல்லில் ஒறம்பரைக் கணக்கு.

2011 வாக்கில் கூகுளிடம் நாம் தேடியது இருந்தது, நம் கடிதம் இருந்தது, நாம் பார்த்த வீடியோ இருந்தது. ஒறம்பரைக் கணக்கு மட்டும் சரியாக இல்லை. அது பேஸ்புக்கிடம் இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பேஸ்புக்கில் 75 கோடிப் பேர். அவர்கள் உள்ளே பேசுவதும் பகிர்வதும் பெரும்பாலும் கூகுள் தேடலின் கைக்கு எட்டாத மதில் சுவருக்குள் நடந்தது.

கூகுள் அதற்கு முன்பும் முயன்றிருக்கிறது. 2004 ஜனவரியில் வந்த ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளத்தை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, நம் பக்கத்தில் யார் ஸ்க்ராப் என்ற குட்டிச் செய்தி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்த காலம். இந்தியாவிலும் பிரேசிலிலும் ஓகோவென்று இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் தனித் தீவு, மற்றச் சேவைகளோடு அவ்வளவாகக் கோர்க்கப்படவில்லை. 2014 செப்டம்பர் 30ஆம் தேதி மூடினார்கள்.

2010 பிப்ரவரியில் பஸ் என்ற ஒன்றை ஜிமெயிலுக்குள்ளேயே வைத்தார்கள். அங்கேதான் பெரிய தவறு நடந்தது. நீங்கள் யாருக்கு அதிகம் மெயில் அனுப்புகிறீர்களோ, யாரோடு அதிகம் சாட் செய்கிறீர்களோ, அவர்களையே உங்கள் ஒறம்பரையாக அது தானாகச் சேர்த்தது. உங்கள் புரொஃபைல் பொதுவாக இருந்தால் அந்தப் பட்டியல் ஊருக்கே தெரிந்தது. யோசித்துப் பாருங்கள்: வக்கீலுக்கு அடிக்கடி மெயில் போடுகிறவர் இருப்பார், டாக்டருக்குப் போடுகிறவர் இருப்பார், வேறு கம்பெனியில் வேலை தேடுகிறவர் இருப்பார். அடிக்கடி பேசுகிறவர் எல்லாம் சொந்தம் ஆகிவிட மாட்டார். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் விசாரித்தது. 2011 மார்ச்சில் அறிவித்த உடன்பாட்டின்படி 20 ஆண்டுகளுக்கு வெளியார் தணிக்கையை கூகுள் ஏற்க வேண்டி வந்தது.

## வட்டங்களோடு வந்த பிளஸ்

2011 ஜூன் 28 அன்று கூகுள் பிளஸ் வந்தது. முதலில் அழைப்பு இருந்தால்தான் நுழையலாம், செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்தார்கள். பஸ்ஸில் பட்டதை வைத்து ஒன்றை நன்றாகவே திருத்தியிருந்தார்கள். அதன் பெயர் சர்க்கிள்ஸ், அதாவது வட்டங்கள். சொந்தக்காரர் ஒரு வட்டம், கூடப் படித்தவர் ஒரு வட்டம், தொழில் பார்ட்டிகள் ஒரு வட்டம். பெயரை இழுத்து வட்டத்தில் போட வேண்டியதுதான். ஒரு படத்தை எந்த வட்டத்துக்குக் காட்டுகிறோமோ அவர்கள் மட்டும் பார்ப்பார்கள். எந்த வட்டத்தில் போட்டோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

நல்ல யோசனை என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நோம்பிக்கு வரும் ஒறம்பரையிடம் பேசுவதை நூல் பார்ட்டியிடம் பேச மாட்டோம்.

ஆனால் பிளஸின் உண்மையான வேலை வட்டங்களில் முடியவில்லை. பேஸ்புக்குக்குப் போட்டியாக ஒரு தளம் என்பதோடு, கூகுளின் எல்லாச் சேவைக்கும் அடியில் ஓடும் ஒரு பாயாக அதை விரித்தார்கள். தேடல் பக்கத்தின் மேலே கறுப்புப் பட்டையில் உங்கள் பெயரும் சிவப்புப் பெட்டியில் ஓர் எண்ணும் வந்தன. தேடல் முடிவுக்குப் பக்கத்தில், பிடித்திருக்கிறது என்று சொல்ல +1 பொத்தான் வந்தது. 2012 ஜனவரியில் தேடல் முடிவுகளுக்குள்ளேயே உங்கள் வட்டத்து ஆட்கள் போட்டவை தெரிந்தன. புதிதாக கூகுள் அக்கவுண்ட் தொடங்கியவர்களுக்கு பிளஸ் பக்கமும் கூடவே வந்தது. 2013 நவம்பரில் யூடியூபில் கருத்து எழுதவே பிளஸ் வேண்டும் என்றார்கள்.

இது எவ்வளவு தூரம் போனது என்பதை அவர்களே சொன்ன ஒரு கணக்கு காட்டும். 2013 அக்டோபரில், மாதம் 54 கோடிப் பேர் பிளஸைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அதில் பிளஸ் பக்கத்துக்கே வந்து படித்தவர்கள் 30 கோடி. மீதிப் பேர் யூடியூபிலோ வேறெங்கோ பிளஸ் கோர்த்த ஒரு பொத்தானைத் தொட்டவர்கள். மளிகை வாங்க வந்தவரை "எங்கள் கல்யாண மண்டபத்துக்கு வந்தவர்" என்று எண்ணியதுபோல.

முதல் விதமும் இரண்டாம் விதமும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. பிளஸ் மூன்றாவதைச் சேர்க்க வந்தது. அதை மற்ற இரண்டுக்கும் பசையாகப் பூசியது.

## பசை ஏன் ஒட்டவில்லை

கூட்டம் வந்தது. முதல் மூன்று வாரத்துக்குள் 1 கோடிப் பேர். வந்தவர்கள் உட்காரவில்லை. 2012 தொடக்கத்தில் வெளிவந்த ஓர் அளவீட்டின்படி, கணினியில் பிளஸுக்கு வந்தவர் அங்கே மாதத்துக்கு மூன்று நிமிடம் இருந்தார். பேஸ்புக்கில் ஆறேழு மணி நேரம்.

காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை என்பது என் எண்ணம். சாவியைக் கட்டாயமாக்கினால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசதி இருக்கிறது. நோட்டைச் சேர்த்தால் பலருக்குத் தெரிவதே இல்லை. ஒறம்பரையை மட்டும் கட்டாயமாக்க முடியாது. அழைப்பு வைக்காத வீட்டில் நாம் பந்தியில் உட்காருவதில்லை. சொந்தபந்தம் எல்லாம் ஏற்கெனவே பேஸ்புக்கில் கூடியிருக்கும்போது இன்னொரு மண்டபத்தில் விளக்குப் போட்டுவைத்தால் யார் வருவார்கள்?

பெயர் விஷயமும் உறுத்தியது. வழக்கத்தில் உள்ள உண்மைப் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று 2011இல் பல அக்கவுண்டுகளை நிறுத்திவைத்தார்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த படிவமே நமக்கு ஒத்துவராது. நம் பேருக்கு முன்னால் இனிஷியல் மட்டும்தான், குடும்பப்பெயர் கிடையாது. புனைபெயரில் எழுதுகிறவர்கள் தமிழில் ஏராளம். அந்த விதியை 2014 ஜூலையில் வருத்தம் தெரிவித்து எடுத்துவிட்டார்கள். யூடியூப் கட்டாயமும் 2015 ஜூலையில் தளர்ந்தது. போட்டோக்களும் அந்த ஆண்டு மே மாதமே தனிச் சேவையாகப் பிரிந்துவிட்டன.

கடைசி அடி 2018 அக்டோபரில். ஒரு நிரல் பிழையால் 5 லட்சம் அக்கவுண்டுகள் வரை விவரம் வெளி ஆப்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று கூகுள் சொன்னது. பிழை எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். ஓர் ஆப்புக்கு உங்கள் நண்பர் அனுமதி கொடுத்திருந்தால், நீங்கள் அந்த நண்பருக்கு மட்டும் காட்டிய உங்கள் விவரமும் அந்த ஆப்புக்குத் தெரிந்தது. நீங்கள் எதுவும் செய்யவில்லை. சொந்தக்காரர் வீட்டு மொய் நோட்டு வெளியே போனால் அதில் உங்கள் பேரும் இருக்கும், அதுபோல. ஒறம்பரைக் கணக்கின் ஆபத்து இதுதான், அதில் ஒருவர் தனியாக ஜாக்கிரதையாக இருக்க முடியாது.

டிசம்பரில் இன்னொரு பிழை, அது 5.25 கோடிப் பேரைத் தொட்டது. 2019 ஏப்ரல் 2ஆம் தேதி பொதுமக்களுக்கான பிளஸை மூடினார்கள்.

மண்டபத்தை இடித்தார்கள். அட்டையும் பேரேடும் இன்றைக்கும் இருக்கின்றன. பிளஸ் தோற்றது என்று சொல்கிறவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

## மற்ற வீடுகளில்

வாட்ஸ்அப்பிலும் இதே மூன்று கேள்வியைக் கேட்கலாம். "வாட்ஸ்அப் மெசேஜை பேஸ்புக் படிக்குது" என்கிறார்கள். 2016 ஏப்ரல் முதல் செய்திகள் அனுப்புகிறவர் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கின்றன, நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கொள்கை, போன் நம்பர் போன்ற விவரங்களை பேஸ்புக்கோடு பகிர வழி செய்தது. கடிதம் பூட்டியிருக்கிறது, நோட்டு சேர்கிறது. 2021இல் வந்த கொள்கை மாற்றத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில், பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

இன்னொன்று, வேறு கம்பெனி ஆப்களில் வரும் "கூகுள் மூலம் தொடரவும்" பொத்தான். அங்கே உங்கள் பாஸ்வேர்டு அந்த ஆப்புக்குப் போவதில்லை. "இவர் நம்மாளுதான்" என்று கூகுள் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது. அந்தச் சீட்டுக்கு டோக்கன் என்று பெயர். உங்கள் பேரும் மெயில் முகவரியும் அதில் போகும். நீங்கள் அந்த ஆப்பில் சேர்ந்தது கூகுளுக்கும் தெரியும். திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு தம்பி பழைய அக்கவுண்டின் பாஸ்வேர்டை மறந்து, அந்த அக்கவுண்ட் வழியாகத் திறந்துவந்த டிசைன் ஆப்பையும் சேர்த்து இழந்துவிட்டு என்னிடம் வந்தார். சாவி ஒன்றானால் தொலைவதும் ஒன்றாகத்தான்.

## மேசைக்குத் திரும்பினால்

மஞ்சள்காரருக்கு இவ்வளவும் சொல்லவில்லை. கடை, அட்டை, நோட்டு என்று மட்டும் சொன்னேன். பிறகு அவர் அக்கவுண்டைத் திறந்து, எந்தெந்த ஆப்புக்குச் சீட்டுக் கொடுத்திருக்கிறார் என்ற பட்டியலைக் காட்டினேன். பேரன் விளையாட ஏற்றிய கேம்கள் நாலைந்து இருந்தன, அவற்றை எடுத்தோம். யூடியூப் பார்த்த வரலாற்றைப் பதினெட்டு மாதத்துக்கு மேல் வைக்காதபடி மாற்றினோம்.

"அந்த மொய் நோட்டுன்னீங்களே, அது இதுல இருக்குதுங்களா?"

"பிளஸ் போயிருச்சுங்க பெரியப்பா. இது வேணா பாருங்க" என்று காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்தேன். அவர் சேமித்த பெயர்கள் போக, மெயில் அனுப்பியதால் தானாகச் சேர்ந்தவர்களுக்கு அதில் தனிப் பட்டியல் இருக்கிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். பேங்க் மேனேஜர், ஆடிட்டர் ஆபீஸ், சொட்டு நீர்க் குழாய் கம்பெனி, மகள் படித்த காலேஜ்.

ஓர் இடத்தில் விரல் நின்றது. ஆறேழு வருசத்துக்கு முன்னால் இடத்தகராறில் வந்த எதிர்த்தரப்பு வக்கீல்.

"இவரெல்லாம் எனக்கு ஒறம்பரையாட்டம் உக்காந்திருக்கறாரே" என்றார். அழித்துக் காட்டச் சொன்னார். அழித்தேன். பிறகு முதலிலிருந்து மறுபடியும் தள்ள ஆரம்பித்தார்.